கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நின்ற டீச்சர்

கீதாஞ்சலிக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று முதலில் வந்து சொன்னவள் எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அந்தோணியம்மாள். பாதி உரித்த முட்டை கையிலேயே இருந்தது.

“தமிழம்மா, இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு இன்னா ஆச்சி? எட்டாங்கிளாஸ்ல நின்னுக்கினு பசங்களயே பாத்துக்கினு இருக்காங்க. வாயே தொறக்கல. பசங்களும் தொறக்கல. எனக்கு பயமா இருக்குது.”

தமிழம்மா என்பது நான்தான். அமராவதி என்று ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். எழுந்து போய் எட்டாம் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். கீதாஞ்சலி கரும்பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஜுரம் வந்த முகமாகவும் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு முகம். எதிரே பிள்ளைகள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈ பறந்தால் கேட்கும் என்பார்களே, எங்கள் பள்ளியில் ஈக்குப் பஞ்சமில்லை, நன்றாகவே கேட்டது.

“என்ன கீதா, தொண்டையா?” என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டி என்னைப் போகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பேசாத மனிதர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வகுப்பு என்றால் சத்தம் இருக்க வேண்டும், அது சண்டைச் சத்தமாக இருந்தாலும் சரி. ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாட்கள் எங்கள் பள்ளியில் யாருக்குமே ஒன்றும் புரியவில்லை.

கீதாஞ்சலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கிளியனூர். தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்ததற்கு இலக்கியம் காரணமில்லை. அந்த வருடம் அங்கே மிச்சமிருந்த இடம் அதுதான். பேராசிரியர்கள் ஆங்கில நாடகங்களைத் தமிழில் கதை சொன்னார்கள். இவள் கடையில் விற்கிற நோட்ஸை வாங்கி மனப்பாடம் செய்தாள். மனப்பாடத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதைக் கொடுத்தாலும் வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பட்டம், பி.எட்., போட்டித் தேர்வு எல்லாவற்றையும் தாண்டி மரக்காணம் பக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் பாடம் நடத்துவது இப்படித்தான் இருக்கும். ஒரு வரி வாசிப்பாள், தமிழில் அர்த்தம் சொல்வாள், ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பாள், மூச்சு விடாமல் அந்தக் கேள்விக்குத் தானே பதிலும் சொல்லிவிடுவாள். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் “டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?” என்பாள். “எஸ் மிஸ்” என்று கூரை அதிரும். பக்கத்து அறையில் தலைமையாசிரியர் தட்சணாமூர்த்தி சார் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். புத்தகத்தில் இல்லாத ஓர் ஆங்கில வாக்கியம் அவள் வாயில் வராது. வாசித்தால் புரியும். எழுதச் சொன்னால் எழுதுவாள். வாயைத் திறந்து சொந்தமாகப் பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் பிரபாகரனோடும் பிள்ளைகளோடும் இரும்பை கோயிலுக்குப் போயிருக்கிறாள். ஆரோவில் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஏதோ விசாரித்திருக்கிறார். பிரபாகரன் பெருமை தாங்காமல் “மை வொய்ஃப் இங்கிலீஷ் டீச்சர்” என்று இவளை முன்னால் தள்ளிவிட்டார். கோயிலை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதுதான் கேள்வி. கேள்வி புரிந்துவிட்டது. பதில் வரவில்லை. இவள் கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, மணியே அடிக்காத போனுக்கு ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே குளத்துப் பக்கம் நடந்துவிட்டாள்.

“அந்தம்மா சைக்கிள் ஏறிப் போற வரைக்கும் பேசிக்கினே இருந்தேன்க்கா. எங்க வீட்டுக்காரர் யார் போன்ல, இவ்ளோ நேரம்னு கேக்குறாரு. உங்க பேரத்தான் சொன்னேன்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவள் போனில் ஓர் ஆசிரியர் குழுவில் இருந்தாள். ஊரடங்குக் காலத்தில் யாரோ அனுப்பிய லிங்கைத் தொட்டு உள்ளே போனது. ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் இங்கிலீஷ்’ என்று பெயர். பல மாவட்டத்து அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் அதில் இருந்தார்கள். வகுப்பில் செய்து பார்த்ததை எழுதுவார்கள், படம் போடுவார்கள். அட்டைப்பெட்டியில் கடை வைத்துக் காய்கறி வியாபாரம், காகித டப்பாவில் பகடை, கைகாலை ஆட்டிப் பாட்டு. மாதம் ஒரு முறை, பாடம் சொல்லித்தருவதைப் பற்றிய ஒரு புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை எல்லோரும் படித்துவிட்டு சனிக்கிழமை மாலை வீடியோவில் கூடிப் பேசுவார்கள். கீதாஞ்சலி ஒன்று விடாமல் படிப்பாள். பஸ்ஸில் படிப்பாள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறும் ஒரு கையில் போனுமாகப் படிப்பாள். ஆனால் அத்தனை வருஷத்தில் அவள் அங்கே ஒரு சொல் எழுதியதில்லை. கைதட்டும் பொம்மையை மட்டும் அனுப்புவாள். வீடியோவில் முகத்தைக் காட்டுவாள், மைக்கைத் திறக்கமாட்டாள்.

நான் விடுவேனா? “ஏண்டி கீதா, இந்தக் குரூப்ல எவரைப் பார்த்தாலும் கிளாஸ் சூப்பரா நடந்திருக்கு. படுத்துக்கிட்ட கிளாஸ் ஒண்ணு கூடவா இல்ல? எங்க தமிழாசிரியர் குரூப்புக்கு வந்து பாரு, குடுமிப்பிடிச் சண்டை. அதுல உண்மை இருக்குது” என்பேன்.

“இருக்கட்டும்க்கா. அங்கதான் பாடம் நடத்துறதப் பத்திப் பேசுறாங்க. நம்ம ஸ்டாஃப் ரூம்ல லீவு பத்தியும் டிரான்ஸ்ஃபர் பத்தியும்தான பேசுறோம்.”

அன்று மத்தியானம் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.

வம்பு வந்தது மாசி மாதம். அந்தக் குழுவை நடத்துகிற சரத்குமார் என்பவர் கடலூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். ஆங்கிலம் அவர் வாயில் தண்ணீராக ஓடும். தமிழில் அவர் பேசி யாரும் கேட்டதில்லையாம். அவர் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். இதுவரை வாயே திறக்காதவர்களில் ஒருவர் இனி மாதந்தோறும் கூட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். அத்தியாயத்தில் இருப்பதைத் தன் வகுப்பில் செய்து பார்த்து, நடந்ததை நடந்தபடி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முதல் பெயர் கீதாஞ்சலி. பெயர் வந்த உடனே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. இத்தனை வருஷம் அவள் தட்டிய கையெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

“முடியாதுன்னு சொல்லிடு. உடம்பு சரியில்லன்னு போடு” என்றேன்.

“எத்தினி மாசத்துக்கு உடம்பு சரியில்லாம இருக்க முடியும்?” என்றாள். பிறகு மெதுவாக, “எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு அங்க தெரிஞ்சிடுச்சின்னா நான் குரூப்ப விட்டு வந்துடணும்க்கா. அதுவும் இல்லன்னா நான் வேற எங்க போறது?” என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு அவள் மேல் இரக்கமும், அந்தச் சரத்குமார் மேல் நல்ல கோபமும் வந்தது.

அத்தியாயம் என்னவென்றால், காத்திருப்பது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் பதிலைத் தானே சொல்லிவிடக் கூடாது. வேறு பிள்ளைக்கும் தாவக் கூடாது. வாயை மூடிக்கொண்டு நிதானமாக நிற்க வேண்டும். பிள்ளைகள் யோசிப்பார்கள், சொற்களைத் தேடுவார்கள், பேசத் தொடங்குவார்கள். கீதாஞ்சலி இதை அப்படியே எடுத்துக்கொண்டாள். புத்தகம் சொன்னது ஓரிரு மூச்சு நேரம். இவளோ யாராவது பேசுகிற வரைக்கும் நின்றாள். அந்தோணியம்மாள் முட்டையோடு ஓடி வந்தது அப்படி நின்ற முதல் நாள்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் “வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?” என்று கேட்டிருக்கிறாள். காலையில் என்ன சாப்பிட்டாய்? கேட்டுவிட்டு நின்றாள். நேரம் போனது. பின்வரிசையில் பிரபு எழுந்தான். கண்ணில் தண்ணீர்.

“மிஸ், நான்தான் மிஸ். நேத்து ரெண்டு வாட்டி வரிசைல நின்னு ரெண்டு முட்டை துன்னுட்டேன் மிஸ்.”

கீதாஞ்சலிக்கு ஒரு நிமிடம் இது பதில் என்றே தோன்றிவிட்டதாம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டோம், சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்கிறான். “வெரி குட்” என்று வேறு சொல்லித் தொலைத்துவிட்டாள். பிரபு திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அடுத்த நாள் “ஹூ இஸ் யுவர் பெஸ்ட் ஃப்ரெண்ட்?” உனக்கு நெருங்கிய தோழி யார்? நின்றாள். ஒரு பெண் எழுந்து, வகுப்புத் தோழி அமுதவல்லியின் ஜாமெட்ரி பாக்ஸைக் கிணற்றில் போட்டது தான்தான் என்று சொல்லித் தேம்பினாள். அதற்கடுத்த நாள், எச்.எம். பைக்கின் கண்ணாடியை உடைத்தவர்கள் இரண்டு பேர் ஒன்றாக எழுந்தார்கள். அவர்களிடம் கேட்டிருந்தது வானிலையைப் பற்றி.

“கேள்வி இங்கிலீஷ்ல கேக்குறேன்க்கா, குத்தம் தமிழ்ல வருது. புக்ல இந்த மாதிரி எதுவுமே போடலையே” என்று சாப்பாட்டு நேரத்தில் புலம்பினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. நான் எத்தனையோ முறை மிரட்டிக் கேட்டும் வெளியே வராத ஜாமெட்ரி பாக்ஸ் விவகாரம் அது.

தட்சணாமூர்த்தி சார் தன் குழப்பத்தோடு தனியாக அலைந்தார். பக்கத்து அறையில் கோரஸ் கேட்கவில்லை என்றால் அவருக்குக் கையெழுத்து ஓடாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என்னம்மா, இங்கிலீஷ் மேடம் எதாச்சும் போராட்டம் பண்றாங்களா? சங்கத்துலேர்ந்து எதாச்சும் சொல்லி இருக்காங்களா? நான் அவங்கள ஒண்ணும் சொல்லலையே” என்று கேட்டார். ஆங்கிலம் கற்பிக்கும் புது முறை என்றேன். “பேசாம இருக்குறதா?” என்றார். ஆமாம் என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகுதான் ஷாலினி எழுந்தாள். முன்வரிசையில் உட்காரும் பெண். கீதாஞ்சலி என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் கீதாஞ்சலி அடுத்த வரிக்கே போவாள். அன்று பாடம் முடிந்து, வழக்கம்போல “டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?” என்றாள். “எஸ் மிஸ்” என்று கூரை அதிர்ந்தது. எந்தக் கேள்விக்கும் காத்திருக்க வேண்டும் என்று இருந்ததால், பதில் வந்த பிறகும் இவள் நின்றாள். வகுப்பு அடங்கியது. ஷாலினி எழுந்தாள்.

“இல்ல மிஸ்.”

“என்ன இல்ல?”

“புரியல மிஸ். ஆறாங்கிளாஸ்லேர்ந்தே புரியல. யாருக்குமே புரியாது. இல்லன்னு சொன்னா உங்க மூஞ்சி வாடிப்போயிடும். அதான் எஸ் மிஸ்னு சொல்லுவோம்.”

வகுப்பு மொத்தமும் ஷாலினியைக் காட்டிக்கொடுத்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்ததாம். கீதாஞ்சலி அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். எட்டாங்கிளாஸ் பிள்ளை சொன்னதுக்கா, என் கிளாஸ்ல மட்டும் எல்லாருக்கும் புரியுதா என்ன, என்றெல்லாம். அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. “மூஞ்சி வாடிப்போயிடுமாம்க்கா” என்று மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னாள்.

அடுத்த நாள் மதியம் ஷாலினியின் அம்மா வேலம்மாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். விடியற்காலையில் உப்பளத்துக்குப் போனவள் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. உள்ளே வாங்க என்றால் வரவில்லை.

“எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி மிஸ்? சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் நான் பாத்துக்குறேன்.”

“ஒரு தப்பும் பண்ணலம்மா. நல்ல பொண்ணு” என்றாள் கீதாஞ்சலி.

“அப்ப ஏன் மிஸ் தெனமும் நின்னு பாக்குறீங்க? ராத்திரில்லாம் தூங்கல அது. மிஸ்ஸுக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சி, மிஸ்ஸுக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சின்னு பொலம்புது.”

எனக்கும் கீதாஞ்சலிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நின்று பார்த்தால் என்ன என்று கேட்டோம். இதைக்கூட விளக்க வேண்டுமா என்பதுபோல் வேலம்மாள் எங்களைப் பார்த்தாள்.

“நாங்க அளத்துலேர்ந்து வர்றப்ப வாயெல்லாம் உப்பு காஞ்சி கெடக்கும் மிஸ். பேசத் தெம்பு இருக்காது. புள்ளைங்க இன்னா பண்ணுச்சோ, ஏது பண்ணுச்சோன்னு கேட்டுக்கினா இருக்க முடியும்? வாசல்ல நின்னு பாப்போம். அவ்ளோதான். அதுங்களே எல்லாத்தையும் சொல்லிடும். எங்க தெருவுல எல்லா வீட்லயும் அப்டித்தான்.”

கீதாஞ்சலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, நான் அதுக்குப் பாக்கல. யோசிச்சி பதில் சொல்லட்டும்னு டைம் குடுத்தேன்.”

“பதில் தெரிஞ்சா அது ஒடனே சொல்லிடுமே மிஸ். தெரியாததுக்கு எதுக்கு டைமு?”

பி.எட்.டில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

“அடிக்கணும்னா அடிச்சிடுங்க மிஸ்” என்றாள் வேலம்மாள் போகும்போது. “அப்டி நின்னு மட்டும் பாக்காதீங்க. வூட்ல நாங்க பாக்குறதே போதும் அதுங்களுக்கு.”

அன்றிலிருந்து கீதாஞ்சலி கேள்வியும் கேட்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. கேள்வி வரும் இடத்தைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனாள். தான் செய்தது சரியா தப்பா என்று தினமும் என்னிடம் கேட்பாள். நான் ஒரு நாள் சரி என்பேன், ஒரு நாள் தப்பு என்பேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தியது தப்பு. ஆனால் ஷாலினி சொன்னது வெளியே வந்தது தப்பா? அதை நினைக்க ஆரம்பித்தால் என் வகுப்பில் தலையாட்டுகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு அவள் ஓர் அறிக்கை தயார் செய்தாள். குழுவில் மற்றவர்கள் எழுதியதிலிருந்து வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்துக் கோத்திருந்தாள். பிள்ளைகள் ஆர்வமாகப் பங்கேற்றார்கள், தன்னம்பிக்கை வளர்ந்தது, வகுப்பறை உயிர்பெற்றது, இப்படி. நடந்தபடி சொல்ல வேண்டும் என்ற விதியை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவளுக்கும் தெரியும். “நடந்தத சொல்லணும்னா எனக்கு இங்கிலீஷ் வேணுமேக்கா” என்றாள். அந்த அறிக்கையை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தாள்.

வீட்டில் சிக்னல் நிற்காது என்று பள்ளியின் கம்ப்யூட்டர் லேபிலேயே உட்கார்ந்தோம். துணைக்கு நான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சரத்குமார் கண்ணாடி போட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டி, ஆங்கிலத்தில் வரவேற்றார். கீதாஞ்சலி ஒப்பித்தாள். அழகாகவே ஒப்பித்தாள். முடிக்கிற நேரத்தில் ஈசிஆர் ரோட்டில் ஓர் உப்பு லாரி, யார் மேல் என்ன கோபமோ, ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அது ஓய்ந்ததும் முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன்.

சரத்குமார் ஏதோ கேட்டார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. இத்தனை வருஷம் நீங்கள் ஏன் காத்திருக்கவில்லை, அதைக் கொஞ்சம் சொல்லுங்கள் என்கிறார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் அத்தியாயம் படித்தவர்கள். எல்லோரும் இவளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கீதாஞ்சலியின் கை மேசைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்தது.

“பயம் சார்” என்றாள் தமிழில். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. “பசங்க இங்கிலீஷ்ல எதாச்சும் திருப்பிக் கேட்டுட்டா எனக்கு பதில் வராது சார். அதனாலதான் நானே கேட்டு நானே சொல்லிடுவேன். எனக்கு இங்கிலீஷ் பேச வராது. இப்ப சொன்னது மனப்பாடம். அப்டி எதுவும் நடக்கல. ஒரு பொண்ணு எழுந்து, மூணு வருஷமா புரியலன்னு சொல்லுச்சு. எம் மூஞ்சி வாடிடும்னு புரிஞ்ச மாதிரி நடிச்சாங்களாம். நான் இங்க கைதட்டறதுக்கு மட்டும்தான் லாயக்கு சார். மன்னிச்சிடுங்க.”

தலையைக் குனிந்துகொண்டு அழுதுவிட்டாள். நானும் அழுதுவிட்டேன். திரையில் ஒரு முகம் மாறவில்லை. டீ குடித்தவர் டீ குடித்தார். பீன்ஸ் நறுக்கியவர் நறுக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டிருப்பேன். மனுஷங்களா இவங்க?

“மேடம், யூ ஆர் ஆன் ம்யூட்” என்றார் சரத்குமார். லாரிச் சத்தம் கேட்டதும் தானே இவள் மைக்கை அணைத்துவிட்டதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும், ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றும் ஆங்கிலத்தில் தொடர்ந்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “தப்பிச்சடி கீதா!” என்று அவள் காதில் சொன்னேன். “டைம் குடுத்தா பசங்க நல்லா பேசுறாங்கன்னு ஒரு வரி சொல்லிட்டு வெச்சிடு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவள் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சொன்னோமா, சொல்லவில்லையா என்றே அவளுக்குக் குழம்பிவிட்டது என்று நினைக்கிறேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் திறந்தாள்.

“ஐ சே அகெய்ன்” என்றாள். “சார், ஐ வாஸ் அஃப்ரெய்ட். சில்ட்ரன் மே ஆஸ்க் மீ... சம்திங். ஐ கேனாட் டாக் இங்கிலீஷ். தட் இஸ் வொய் ஐ டோன்ட் வெயிட்.” நின்றாள். தேடினாள். “மை ரிப்போர்ட் இஸ் நாட் ட்ரூ. ஒன் கேர்ள் டோல்ட் மீ, மிஸ், வீ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். த்ரீ இயர்ஸ். தட் ஒன்லி இஸ் ட்ரூ.”

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு போதாது. ஆனால் மனப்பாடம் எப்படி இருக்கும் என்று தெரியும். மனப்பாடம் இப்படி வழியில் நின்று நின்று வராது.

பீன்ஸ் நறுக்கிய அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. டீ குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். சரத்குமார் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீதாஞ்சலி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“ஐ ஹாவ் ஒன் கொஸ்டின், சார். யூ? ஆல் ஆஃப் யூ? யூ ஆர் நாட் அஃப்ரெய்ட்?”

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

யாரும் பேசவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஏதாவது சொல்லி இந்த அமைதியை உடைத்தால் போதும் என்றிருந்தது. கீதாஞ்சலி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டேன். கட்டங்களில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்தார்கள். சரத்குமார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

“மேடம்” என்றார். “நான் தமிழ்ல சொல்லலாமா?”